உப்புக்காற்றும் பிரைமரும்

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

நேற்றிரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. லாஸ்பேட்டையில், விமான நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு வீட்டு கார் ஷெட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் அங்கே இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் கட்டிவருகிறார். இறக்கைத் தகடுகளைப் பரணில் ஏற்றிவிட்டார். இன்ஜின் மவுண்டும் சுக்கான் சட்டங்களும் தண்ணீரில்.

டிசம்பர் 3

கரண்ட் வரவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

நல்ல வெயில். மவுண்டின் எஃகுக் குழாயில் வெல்டிங் ஓரமெல்லாம் செந்துரு. அலுமினியத்தில் ரிவெட் துளைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி. 2024 ரக அலாயில் தாமிரம் 4 சதவீதத்துக்கு மேல். பலம் தருவதும் அதுதான், அரிப்புக்கு இடம் கொடுப்பதும் அதுதான். மழைகூடப் போய்விடும், கடல் எங்கே போகும்? 1988-இல் ஹவாய் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737-க்கு நடுவானில் மேற்கூரை பிய்ந்துபோனது. உலோகச் சோர்வோடு உப்புக்காற்றின் அரிப்பும் சேர்ந்த வேலை அது. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். இரவு முழுக்க ஃபிட்டருக்கு அதே நினைப்பு.

டிசம்பர் 11

மனம் தெளிந்திருக்கிறது. ஷெட் சுவரில் விமானி அமோல் யாதவின் படம். மும்பை சார்கோப்பில் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை விமானம் கட்டி, 2016-இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் வைத்தவர். மறு ஆண்டு அதற்குப் பதிவு கிடைத்தது. மும்பையிலும் கடல்தானே என்று ஃபிட்டர் தெம்பாகச் சொல்லிக்கொள்கிறார்.

ஜிங்க் குரோமேட் பிரைமர் வேண்டாம் என்பது முடிவு. பல பத்தாண்டுகள் விமானங்களைக் காத்த பச்சை மஞ்சள் பூச்சுதான். ஆனால் அதிலுள்ள ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும். பதிலுக்கு இரண்டு டப்பா எபாக்ஸி. மேலே பாலியூரித்தேன்: பளபளப்பு, வெயிலில் நிறம் மங்காது, பெட்ரோல் பட்டாலும் உரியாது.

டிசம்பர் 16, திங்கள்

கருவடிக்குப்பத்தில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை. அங்குள்ள பெயின்டர் ஸ்ப்ரே கன் பிடிப்பதில் கைதேர்ந்தவர். மூக்கில் ஈரத் துண்டு, அவ்வளவுதான்.

“மாஸ்க் போடலியா தம்பி?”

“இருவது வருசமா இப்படித்தாண்ணே. ஞாயித்துக்கெழம நல்லா இருப்பேன். திங்கக்கெழம சாயங்காலம் ஆனா இழுக்கும்.”

சொல்லிவிட்டு ஒரு கதவை அடித்து முடித்தார். ஒரு சொட்டு வழியவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. பாலியூரித்தேனின் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் அடுத்து மிகக் குறைந்த அளவே இழுப்பைக் கிளப்பும். வாசனையால் எச்சரிக்கை கிடைக்காது. அதனால் வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடிதான் முழுப் பாதுகாப்பு. பெயின்ட் அடிக்க விலை பேசப் போன ஃபிட்டர் பேசாமலே திரும்பினார்.

டிசம்பர் 20

பெங்களூரிலிருந்து இண்டிகோ. மறுபடி லாஸ்பேட்டையில் விமானச் சத்தம்! மாடியில் நின்று பார்த்தார்.

டிசம்பர் 22

சுக்கான் தகடு ஒன்றைத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போக்கி, தண்ணீர் ஊற்றினார். முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக நின்றது. தகடு சுத்தம். இந்தச் சோதனையில் தேறாத தகட்டில் எந்தப் பெயின்டும் நிற்காது.

மவுண்ட் இன்ஜின் மூடிக்குள் இருக்கும், வெயில் படாது. அதற்கு வெளிர்சாம்பல் எபாக்ஸி மட்டும், கையுறை போட்டு பிரஷ்ஷில். விரிசல் விழுந்தால் வெளிர் நிறத்தில் தெரியும். வெயில் படும் சுக்கானுக்கு என்ன பூசுவது என்பது முடிவாகவில்லை. நாளை காலை பெயின்டரை ஜிப்மர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், வருவாரோ மாட்டாரோ.