தோ பாயோவா, செங்காங்கா?

அன்புள்ள மாமாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டீர்கள்: “வீடெல்லாம் சரிம்மா, பட்டா யார் பேர்ல வரும்?” நான் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். கேள்வி மட்டும் மனசிலேயே நின்றுவிட்டது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன். அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள்.

இங்கே பட்டா கிடையாது மாமா. நிலம் அரசாங்கத்துடையது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சுருக்கமாக வீவக, கட்டிய வீட்டை 99 வருஷக் குத்தகைக்குத் தருகிறது. வீடு நடுவில் எத்தனை கை மாறினாலும் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்காது. மிச்சம் இருக்கிற வருஷங்களைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். நம் ஊரில் மனை பார்க்கப் போனால் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்போம். இங்கே எத்தனை வருஷம் பாக்கி என்று கேட்கிறோம்.

நாங்கள் இன்னும் குடியுரிமை வாங்கவில்லை, நிரந்தரவாசிகள்தான். எங்களுக்குப் புது வீடு தரமாட்டார்கள். நிரந்தரவாசம் கிடைத்து 3 வருஷம் கழித்து, மறுவிற்பனைக்கு வருகிற வீட்டை வங்கிக் கடனில் வாங்கலாம். அந்த 3 வருஷம் இந்தத் தை மாதத்தோடு முடிந்தது. அன்றிலிருந்து சனி, ஞாயிறு முழுக்க வீடு பார்ப்பதுதான் வேலை. கடைசியில் இரண்டு பேட்டைகள் மிஞ்சின. ஒன்று நாங்கள் 7 வருஷமாக வாடகைக்கு இருக்கும் தோ பாயோ. இன்னொன்று வடகிழக்கே செங்காங்.

தோ பாயோ என்றால் பெரிய சதுப்பு. ‘பாயா’ மலாய்ச் சொல், ‘தோ’ ஹொக்கியன் சொல், இரண்டும் ஒட்டிக்கொண்டு ஊர்ப்பெயர் ஆகிவிட்டது. சதுப்பை நிரவி 1960களில் வீடு கட்டத் தொடங்கினார்கள். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கும் பழையது. ஒவ்வொரு மாடியிலும் ஒரு நீளத் தாழ்வாரம், வரிசையாக வாசல்கள். காலையில் பால் அடுப்பில் இருக்கும்போதே பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, பாண்டான் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி நம் பெண் பள்ளிக்குக் கிளம்பிவிட்டாளா என்று கேட்பார். கீழே இறங்கினால் ஈரச்சந்தை. 8ஆம் லோரோங்கில், அதாவது 8ஆம் தெருவில், வைரவிமட காளியம்மன் கோயில். உங்கள் அக்கா இங்கே வந்திருந்த 3 மாதமும் யார் துணையும் இல்லாமல் அந்தக் கோயிலுக்கு நடந்தே போய்வந்தார். வேற்று நாட்டில் அம்மா தனியாக நடந்த ஒரே பாதை அது. ரயிலேறினால் இரண்டாவது நிறுத்தம் நியூட்டன், அங்கே மாறினால் அடுத்தது லிட்டில் இந்தியா. 6ஆம் லோரோங்கில் 1979இல் கட்டிய டிராகன் விளையாட்டுத் திடல் இருக்கிறது. ஓடு பதித்த தலை, கீழே மணல். நம் பெண் நடை பழகியதே அந்த மணலில்தான்.

நாங்கள் ஆசைப்பட்ட வீடு 1974ஆம் வருஷத்தது. மிச்சம் 48 வருஷம்.

இந்த 48ஐ நானும் இவரும் எத்தனை ராத்திரி கூட்டிக் கழித்தோம் தெரியுமா? நம் சம்பளத்தில் பிடிக்கிற மத்திய சேம நிதியை வீட்டுக்கு எடுக்கலாம். ஆனால் 2019இல் விதியை மாற்றினார்கள். வாங்குகிறவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை ஓடினால்தான் முழு அளவுக்கு எடுக்க முடியும். எனக்கு இப்போது 38. எனக்கு 86 ஆகும்போது அந்தக் குத்தகை முடிந்துவிடும். அதனால் சேம நிதி குறைத்துத்தான் கிடைக்கும், மீதியைக் கையிலிருந்து புரட்ட வேண்டும். அன்றைக்கு நம் பெண்ணுக்கு 54 வயது இருக்கும். அவளுக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூடக் கிடைக்காது.

“அரசாங்கம் ஏதாவது கொடுக்காமலா போகும்?” என்றுதான் நீங்கள் கேட்பீர்கள். கேலாங்கில் 3ஆம் லோரோங்கில் 191 தரைவீடுகள் இருந்தன. தனியார் வீடுகள், 60 வருஷக் குத்தகை. 2020 டிசம்பர் 31ஆம் தேதி குத்தகை முடிந்தது, வீடுகள் நிலத்தோடு அரசுக்குப் போயின. இழப்பீடு இல்லை. எழுதின எழுத்துப்படியே நடந்தது. பழைய புளோக்குகள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, இடித்து, குடியிருந்தவர்களுக்குப் புது வீடு தருகிற திட்டம் 1995 முதல் இருப்பது உண்மைதான். அதை நம்பி எல்லாப் பழைய வீட்டுக்கும் அதிக விலை கொடுக்காதீர்கள் என்று 2017இல் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் சொல்லிவிட்டார். இப்போது அவர்தான் பிரதமர்.

செங்காங் அப்படியில்லை. கங்கார் என்ற மீனவக் கிராமம் இருந்த பக்கம், 1990களின் கடைசியில் எழுந்த பேட்டை. நாங்கள் பார்த்த வீடு 2001ஆம் வருஷத்தது, 75 வருஷம் பாக்கி. ஒரு புளோக்குக்கும் இன்னொரு புளோக்குக்கும் வித்தியாசம் சொல்ல எனக்கு இன்னும் பழகவில்லை. ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில் சாலைக்கு மேலே வளைந்து வளைந்து போகிறது. அதைப் பார்த்ததுமே நம் பெண் கட்சி மாறிவிட்டாள். லிட்டில் இந்தியாவுக்கு 9 நிறுத்தம், ஆனால் மாற வேண்டியதில்லை. ரிவர்வேல் கிரசெண்டில் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் கோயில் இருக்கிறது. நான் சாயங்காலம் போனபோது கீழ்த்தளத்துத் திறந்த கூடத்தில் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாரும் வேலையிலிருந்து திரும்பும் வயசுக்காரர்கள். தோ பாயோவில் அந்த நேரம் கிழவர்கள் சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள். எனக்கு மனசு தோ பாயோவில்தான் இருந்தது, மறைப்பதற்கில்லை.

தோ பாயோ வீட்டின் சொந்தக்காரர் ஒரு சீனப் பாட்டி. நாங்கள் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது பெண் கையில் இரண்டு ஆரஞ்சு கொடுத்து அனுப்பினார். அவருக்கு எங்களுக்கு விற்கச் சம்மதம், எங்களுக்கு வாங்கச் சம்மதம். மறுநாள் முகவர் தொலைபேசியில் சொன்னார்: “அந்தப் புளோக்கில் இந்தியர் பங்கு நிறைந்துவிட்டது.”

இதை விளக்க வேண்டும். 1989 முதல் வீவக வீடுகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காட்டுக்கு மேல், மலாய்க்காரர் 25க்கு மேல், இந்தியரும் மற்றவரும் 15க்கு மேல் போகக்கூடாது. சுற்றுவட்டாரத்துக்குத் தனி வரம்பு. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கு 2010 முதல் இன்னொரு வரம்பு. நிறைந்துவிட்டால் அந்த இனத்துக்காரர் அதே இனத்துக்காரரிடமிருந்து மட்டுமே வாங்கலாம், அப்போதுதான் கணக்கு மாறாது. பட்டியல் மாதாமாதம் முதல் தேதி புதுப்பிக்கப்படும். நாங்கள் இரண்டு முதல் தேதிகள் காத்திருந்தோம். திறக்கவில்லை. பாட்டி ஒரு சீனக் குடும்பத்துக்கு விற்றுவிட்டார். போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். எங்களைவிட அவர்தான் அதிகம் சங்கடப்பட்டார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அது முழு நியாயமில்லை என்பது செங்காங்கில்தான் புரிந்தது.

செங்காங் வீட்டுக்காரர்கள் தமிழர்கள். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்குப் பக்கத்தில், ஜூரோங்கில், சின்ன வீட்டுக்குப் போகிறார்கள். கனத்த இரும்புக் கதவு போட்ட காப்பறை ஒன்று இங்கே புது வீடுகளில் உண்டு. அந்த அம்மா அதில் வெண்கலப் பானைகளை அடுக்கி, ஒவ்வொன்றும் எந்த ஊரில் வாங்கியது என்று எனக்குச் சொன்னார். ஐந்து மாதமாக வீடு விலை போகவில்லை. காரணம் வீடு இல்லை. அந்தப் புளோக்கில் சீனர் பங்கு நிறைந்திருந்தது. சீனர் வீட்டைச் சீனர் வாங்கலாம், ஆனால் இந்தியர் வீட்டைச் சீனர் வாங்க முடியாது. வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். இவர்கள் வீட்டுக்கு வரக்கூடியவர்கள் மலாய்க்காரர்களும் நம்மைப் போன்றவர்களும்தான்.

முகவர் தாழ்வாரத்தில் என்னைத் தனியே அழைத்து, “30,000 வெள்ளி குறைத்துக் கேளுங்கள், கொடுத்துவிடுவார்கள், ஜூரோங் வீட்டுக்குப் பணம் கட்டும் தேதி நெருங்குகிறது” என்றார். அவர் தன் வேலையைத்தான் செய்தார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை மாமா. தோ பாயோவில் என்னை வெளியே நிறுத்திய அதே விதிதான் இங்கே எனக்கு 30,000 வெள்ளியை எடுத்து நீட்டுகிறது. அந்தப் பணம் அரசாங்கத்துடையது இல்லை, அந்த அம்மாவுடையது.

இந்தக் கொள்கையைக் கொண்டுவந்தபோது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன், நம் தமிழர். ஒரு பேட்டை சீனருக்கு, இன்னொன்று மலாய்க்காரருக்கு என்று பிரிந்துவிடக்கூடாது என்பது நோக்கம். 1964இல் இந்தத் தீவில் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் நடுவே கலவரம் நடந்தது. அதைப் பார்த்த தலைமுறை எடுத்த முடிவு இது. அந்த முடிவு சரி என்றே நம்புகிறேன். பக்கத்து வாசலில் அந்த மலாய்க்கார அம்மா இல்லாதிருந்தால், எனக்கு டெங்கி வந்து கிடந்தபோது என் பெண்ணுக்கு யார் சோறு ஊட்டியிருப்பார்கள்? அவர் தற்செயலாக அங்கே வந்தவர் இல்லை, அந்தக் கணக்கும் சேர்ந்துதான் அவரையும் என்னையும் பக்கத்துப் பக்கத்து வாசலில் வைத்தது. நம் ஊரில் எந்தத் தெரு யாருடைய தெரு என்று கேட்டு வீடு பார்த்த நாள்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் நன்மை ஊருக்கு என்றால் அதன் செலவும் ஊர் முழுக்கப் பரவ வேண்டும். இங்கே எண்ணிக்கையில் குறைவாக இருக்கிற இனத்துக்காரர் விற்கும்போதுதான் அது வலிக்கிறது. இந்த வரம்பால் விற்க முடியாமல் தவிக்கிறவர்களின் வீட்டைத் தகுதி பார்த்து வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல் அறிவித்தார்கள். நல்லது. அது கடைசி வழியாக இல்லாமல், இழப்பை ஈடுகட்டுகிற முதல் வழியாக வர வேண்டும் என்பது என் விருப்பம்.

விற்ற விலைகள் எல்லாம் வீவக தளத்தில் யாரும் பார்க்கலாம். அதே புளோக்கில் அதே அளவு வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று பார்த்தோம். அதைவிட 5,000 வெள்ளி குறைவாகக் கேட்டோம். அதற்கு மேல் எங்களால் புரட்ட முடியாது, அதைச் சொல்லித்தான் கேட்டோம். அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “நீங்க விக்கும்போதும் இதே கதைதாம்மா, தெரிஞ்சுதான வாங்குறீங்க?” என்றார். தெரியும் என்றேன். 1,000 வெள்ளி கொடுத்து உரிமைப் பத்திரம் வாங்கியிருக்கிறோம். முடிவு சொல்ல 21 நாள். அடுத்த வியாழக்கிழமை கையெழுத்து.

ஆகவே செங்காங். 75 வருஷம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. இவருக்குப் படுகிறது, அதில் தப்பில்லை. அம்மா அடுத்த முறை வந்தால் புதுப் பாதை பழக்க வேண்டும். நானே முதல் ஒரு வாரம் கூட நடக்கிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. எங்களைப் போல வீவக வீடு வாங்குகிறவர்கள் பேரில் வேறு குடியிருப்பு வீடு இருந்தால், அது வெளிநாட்டில் இருந்தாலும், விற்றாக வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலை வீட்டைத்தான் சொல்கிறேன். அதற்குப் பட்டா எங்கள் பேரில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் பேச்சை மாற்றியது அதனால்தான்.

அதிகாரப் பத்திரத்துக்கு இங்கே இந்தியத் தூதரகத்தில் நேரம் வாங்கியிருக்கிறோம், கையெழுத்தானதும் அனுப்புகிறேன். நாங்கள் ஊரை விட்டுப் போய்விட்டோம், அவசரமாக விற்கிறோம் என்று தரகர் அடித்துப் பேசுவார். பக்கத்து மனை போன விலையைக் கேட்டு வையுங்கள். பார்க்க வருகிறவர்கள் குழந்தையோடு வரலாம், கொல்லைக் கிணற்றுக்கு முதலில் ஒரு மூடி போட்டுவிடுங்கள். கருவேப்பிலை மரத்தடியில் கன்று முளைத்திருந்தால் ஒன்றை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள் மாமா.

அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்