அந்த அறிக்கையில் நான் எழுதாமல் விட்டது

மேலூர்ப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் நான் அதிகாரியாக இருந்தபோது, 2018இல், ஒரு மூதாட்டியின் கணக்கிலிருந்து 14,000 ரூபாய் களவு போனது. வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணம் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அது பொய்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதியோர் உதவித்தொகை மாதம் 1,000 ரூபாயும் நூறு நாள் வேலைக் கூலியும் கணக்கில் ஏறும். கைநாட்டுக்காரர் பணம் எடுக்க வந்தால் வங்கியில் வேலை அதிகம். சீட்டை நாங்கள் நிரப்ப வேண்டும், பாஸ்புக் படத்தோடு முகத்தை ஒத்துப் பார்க்க வேண்டும், அதிகாரி முன்னால் ரேகை வைக்க வேண்டும், சாட்சி வேண்டும். ஆதார் கருவியும் கைகொடுக்காது. பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் காலமெல்லாம் நாற்று நட்டுக் களை பறித்த விரல்களில் வரிகள் தேய்ந்துபோயிருக்கும். “ரேகை விழலையே தம்பி” என்று விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைப்பார்கள். கூட்ட நாட்களில் எனக்கு எரிச்சல் வரும். கவுன்ட்டர் கூட்டத்தைக் குறைத்து ஏடிஎம் பக்கம் அனுப்பினால் மேலிடத்தில் நல்ல பெயரும் கிடைத்தது.

ஆகவே அவருக்கு ரூபே அட்டையைக் கொடுத்து, ரகசிய எண்ணைப் பாஸ்புக் உறைக்குள் நானே எழுதினேன். “ஆத்தா, வெளியே மெஷின் இருக்கு. நிக்கிறவங்க யார்கிட்டயாவது குடுங்க, எடுத்துத் தருவாங்க” என்றேன். “நீயே எடுத்துக் குடுத்துருய்யா” என்று நின்றார். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

உதவுவதுபோல் வந்தவன் எண்ணைப் பார்த்துக்கொண்டு, வேறொரு அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஏடிஎம் வாசல்களில் வழக்கமாக நடக்கும் திருட்டுதான். எனக்கு அது முன்பே தெரியும்.

ரிசர்வ் வங்கியின் 2017 நவம்பர் 9 சுற்றறிக்கையும் என் மேசைக்கு வந்திருந்தது. மூத்த குடிமக்களைக் கிளைகள் திருப்பி அனுப்புவதைக் குறிப்பிட்டு, மின்னணுப் பரிவர்த்தனையை வளர்க்கும் வேகத்திலும் அவர்கள் தேவையை உணர்ந்து நடக்க வேண்டும், தனி கவுன்ட்டர் வேண்டும், 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் சேவை தர வேண்டும் என்றது. தனி கவுன்ட்டர் என்ற பலகையை மாட்டினேன். அதன் பின்னால் யாரையும் உட்கார வைக்கவில்லை.

அதே ஆண்டு ஜூலை 6 சுற்றறிக்கைதான் என்னை இன்றும் உறுத்துகிறது. ரகசிய எண்ணை வாடிக்கையாளர் பிறரிடம் கொடுத்திருந்தால், புகார் தரும்வரை ஏற்பட்ட நட்டம் அவருடையது. வங்கியின் பக்கம் தவறிருந்தால் அவருக்கு ஒரு பைசா பொறுப்பும் கிடையாது. நடந்ததை எழுதியிருந்தால் பணம் அவருக்குத் திரும்பியிருக்கும்; நான் விசாரணைக்கு உள்ளாகியிருப்பேன். முதல் பிரிவில் அவரைத் தள்ளினேன். “நம்பரை யார்கிட்டயும் குடுக்கக் கூடாதுல்ல?” என்று வரிசை முழுவதும் கேட்கும்படி அதட்டவும் செய்தேன். “நீ சொல்லித்தானய்யா குடுத்தேன்” என்றார். நான் பதில் பேசவில்லை.

வயதானவர்களுக்குப் புதிது எதுவும் ஏறாது என்று அப்போது சொல்லித் திரிந்தேன். 2016 நவம்பரில் நோட்டுகள் மாறிய பிறகு, புது நோட்டுகளின் நிறங்களைச் சில நாட்களிலேயே பழகிக்கொண்டு, நான் கொடுத்த பணத்தை என் எதிரிலேயே சரிபார்த்து வாங்கியவர் அவர். ஏடிஎம் திரையில் தமிழ் உண்டுதான். எழுத்தே தெரியாதவருக்கு எந்த மொழி இருந்தால் என்ன? பத்து நிமிடம் பக்கத்தில் நின்று எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்று காட்டியிருந்தால் பிடித்திருப்பார். முடியாவிட்டால் கைநாட்டு முறை இருக்கவே இருந்தது. அது அவருக்கு உள்ள உரிமை. என் வசதிக்காக அதைப் பறித்தேன்.

அவர் இப்போது இல்லை. பணத்தை அவர் மகனிடம் கொடுக்கப் போகிறேன். அதற்கு முன், அறிக்கையில் எழுதியது பொய் என்று வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்கிறேன். பணத்தை மட்டும் கொடுத்தால், அந்தக் கோப்பில் குற்றம் அவர் பெயரிலேயே இருக்கும்.