இதயம் சரி, எழுதி வெச்ச நேரம்தான் தப்பு

1/ போன வாரம் சாலவாக்கத்துல தெரிஞ்ச தம்பி ஒருத்தர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். வீட்டுல இருந்தே சாஃப்ட்வேர் வேலை. நாடித்துடிப்பைப் பதிவு பண்ற புரோகிராம் எழுதி, சென்சாரைத் தன் விரல்லயே மாட்டிப் பார்த்திருக்கார். "டாக்டர், எனக்கு ஹார்ட் தாறுமாறா அடிக்குது!"

2/ நாடி பிடிச்சேன். நிமிஷத்துக்கு 75, சீரா இருந்தது. ஈசிஜியும் நார்மல்.

3/ அப்புறம் அவர் லேப்டாப்பைப் பார்த்தோம். நீங்களும் கணக்குப் போடுங்க. 75 துடிப்புன்னா, இடைவெளி 0.8 நொடி. துடிச்ச நேரங்கள்: 0, 0.8, 1.6, 2.4, 3.2, 4.0. இதை முழு நொடியா ரவுண்ட் பண்ணினா: 0, 1, 2, 2, 3, 4. நடுவுல ரெண்டு துடிப்பு ஒரே நொடியில! சீரான இதயம் நோயாளி ஆயிடுச்சு.

4/ அவர் பயன்படுத்தினது மைஎஸ்கியூஎல். அதுல வெறும் 'டேட்டைம்'னு காலம் அமைச்சா முழு நொடிதான் நிக்கும். மிச்சத்தை ரவுண்ட் பண்ணிடும், எச்சரிக்கைகூட வராது. டேட்டைம்(3)னு போட்டா மில்லி நொடி, டேட்டைம்(6)னு போட்டா மைக்ரோ நொடி வரை நிக்கும். 2011ல வந்த 5.6.4 பதிப்புல இருந்தே இந்த வசதி இருக்கு. போஸ்ட்கிரெஸ்ல சொல்லாமலேயே 6 இலக்கம்.

5/ ரவுண்ட் பண்றதுல இன்னொரு ஆபத்து. டிசம்பர் 31 இரவு 11:59:59.7னு வந்த பதிவு, ஜனவரி 1ன்னு சேமிப்பாகும். நாள் மட்டுமில்ல, வருஷமே மாறிடும்.

6/ "இப்போ மாத்திட்டேன் டாக்டர், பழைய டேட்டா?" வராது தம்பி. காலத்தை அப்புறம் அகலப்படுத்தினா, பழைய பதிவுக்குப் பின்னாடி வெறும் பூஜ்யம்தான் சேரும்.

7/ அதுக்காக எல்லாத்துக்கும் 6 இலக்கம் வேணுமா? வேண்டாம். ஈசிஜி தாள்ல ஒரு சின்னக் கட்டமே 0.04 நொடி, அங்க வேணும். சுவர்க் கடிகாரம் பார்த்து எழுதுற பிரசவ நேரத்துக்கு நிமிஷம் போதும். அளக்காத துல்லியத்தை எழுதுறதும் பொய்தான்.

8/ மெஷின் காட்டுற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீங்க, அலட்சியமும் வேண்டாம். நெஞ்சுவலி, மயக்கம் இருந்தா உடனே 108. மத்தபடி, டாக்டர்கிட்ட ஒரு தடவை நாடியைக் காட்டுங்க.