அளவு நாடா

எங்கள் பங்கு ஆலயத்தின் பின்புறம் வெறுமையாய்க் கிடந்த ஓட்டுக் கூடம் ஒன்றை, 1988-ஆம் ஆண்டு, பங்குத்தந்தையின் இசைவோடு உடற்பயிற்சிக் கூடமாக்கினோம். இரண்டு பார்பெல், துருப்பிடித்த சில இரும்புத் தட்டுகள், ஆறு டம்பெல், சுவரில் ஓர் ஆளுயரக் கண்ணாடி. அவ்வளவே எங்கள் சொத்து. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், ஓட்டப் பந்தய வீரரையும் குத்துச்சண்டை வீரரையும் எடுத்துக்காட்டும் 9-ஆம் அதிகாரத்தின் எண்ணை வாசலில் எழுதிவைத்தோம். உடலை அடக்கியாள்வதைப் பற்றி அவர் எழுதியதைப் புயம் பெருப்பதற்குச் சான்றாக்கிக்கொண்ட எங்கள் துணிச்சலை எண்ணினால் இன்று சிரிப்பு வருகிறது.

பயிற்சியாளன் நான். என் ஆசான்களோ, பழைய புத்தகக் கடையில் கிடைத்த அயல்நாட்டு இதழ்கள். 1970 முதல் 1975 வரை தொடர்ச்சியாகவும், 1980-இல் மீண்டும் ஒருமுறையும் 'மிஸ்டர் ஒலிம்பியா' பட்டம் வென்ற அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரின் முறையே எனக்கு வேதவாக்கு. தசைக்கு இருபது செட், வாரத்தில் ஆறு நாள் என்று அட்டவணை போட்டேன். (ஊக்கமருந்தைத் தாம் பயன்படுத்தியதை அவர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அட்டவணையில் அது இல்லை.)

1989 ஜனவரியில் இரு இளைஞர்கள் ஒரே நாளில் சேர்ந்தார்கள். ஒருவன் மீனவக் குடும்பத்தவன். மற்றவன் தையற்காரர் மகன். இருவர் புயமும் அன்று பன்னிரண்டு அங்குலம். ஒரே அட்டவணை, ஒரே இரும்பு. மாதத்தின் முதல் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நாடாவால் அளந்து குறிப்பேட்டில் எழுதுவேன். ஜூன் மாதம் மீனவ இளைஞனுக்குப் பதினான்கு அங்குலம் காட்டிய அதே நாடா, தையற்காரர் மகனுக்குப் பன்னிரண்டேகாலில் நின்றுவிட்டது. எல்லாருக்கும் கேட்கும்படி, "நீ இரும்பைத் தூக்குவதில்லை தம்பி, தொட்டுவிட்டுப் போகிறாய்" என்றேன். கூடம் சிரித்தது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறினான். பிறகு வரவேயில்லை.

கூடம் என்றோ மூடப்பட்டுவிட்டது. ஆனால் எந்தப் பயிற்சி தசையை வளர்க்கும் என்ற கேள்வி என்னை விட்டதில்லை. நாட்டிலஸ் இயந்திரங்களை உருவாக்கிய ஆர்தர் ஜோன்ஸ், இனி ஒருமுறைகூடத் தூக்க இயலாது என்னும் எல்லைவரை ஒரே செட் செய்தால் போதும் என்று வாதிட்டவர். அவ்வழியை ஒட்டிக் குறைந்த செட்டுகளே செய்த டோரியன் யேட்ஸ், 1992 முதல் 1997 வரை ஆறுமுறை ஒலிம்பியா பட்டத்தைக் கைப்பற்றினார். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. ஒருவர் தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 விழுக்காட்டோடு செய்தாலும், வெறும் 30 விழுக்காட்டோடு செய்தாலும், ஓய்ந்து போகும்வரை மூன்று செட் செய்தபோது, பத்து வாரங்களில் தொடைத்தசை ஏறத்தாழ ஒரே அளவில் வளர்ந்திருந்தது. உச்ச எடையைத் தூக்கும் வலிமை மட்டும் கனத்த எடையால் கூடுதலாக வந்தது. பயிற்சியில் பழகிய 34 ஆண்களை வைத்து 2019-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், செட்டுகள் கூடக்கூடத் தசை வளர்ந்தது. வலிமையோ ஒரே செட் செய்தவர்க்கும் அதே அளவில் ஏறியிருந்தது. ஆக, என் அட்டவணை முழுப் பிழையன்று. பிழை வேறிடத்தில் இருந்தது.

அதைக் காட்டியது 2005-இல் வெளியான ஓர் ஆய்வு. ஆணும் பெண்ணுமாய் 585 பேர் பன்னிரண்டு வாரம் ஒரு கைக்கு ஒரே பயிற்சியைச் செய்தார்கள். சிலர் புயத்தசை சற்றும் வளரவில்லை. இம்மியளவு குறைந்தும் இருந்தது. ஒருவருக்கோ 59 விழுக்காடு பெருத்திருந்தது. உழைப்பு மட்டும் தசையின் பருமனைத் தீர்மானிப்பதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். விதைப்பவர் உவமைக்கு எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன். பாறையையும் முட்புதரையும் பற்றியே பேசுவார்கள். நல்ல நிலத்திலேயே ஓரிடம் நூறும் ஓரிடம் முப்பதும் தந்ததாக ஆண்டவர் சொன்னதை நான் கவனித்ததே இல்லை. முப்பது தந்த நிலத்தை அவர் கடிந்துகொண்டதாகவும் எங்கும் இல்லை.

அன்றிரவு பரணிலிருந்து பழைய குறிப்பேட்டை எடுத்தேன். தையற்காரர் மகனின் பக்கத்தில் எல்லாம் என் கையெழுத்து. ஜனவரியில் இருபது கிலோ தூக்கியவன் ஜூன் மாதம் முப்பத்தைந்து கிலோ தூக்கியிருக்கிறான். எழுதியவன் நான், பார்த்தது நாடாவை மட்டும். ஞாயிறு தவிர, ஆறு மாதத்தில் வருகைக் குறி இல்லாத நாள் ஒன்றே ஒன்று: மார்ச் 24, புனித வெள்ளி.

மறுநாள் குறிப்பேட்டோடு அவன் தையற்கடைக்குப் போனேன். முடி நரைத்திருந்தது, கழுத்தில் அளவு நாடா தொங்கியது. நான் எதற்கு வந்தேன் என்பதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அந்தப் பக்கத்தை விரலால் தடவித் தடவி நிதானமாய்ப் படித்தான். மார்ச் மாதத்தில் விரல் நின்றது.

"அன்னைக்கும் வந்தேன் அண்ணே. கதவு பூட்டியிருந்துச்சு."