சுவருக்கு முன்னால் மனிதர்கள்

கண்ணகி நகர்ச் சுவர்களில் 2020-இல் பெரிய பெரிய ஓவியங்கள் எழுந்தபோது, சென்னைக்கு ஒரு கலைப்பேட்டை கிடைத்துவிட்டது என்றார்கள். ஓவியங்கள் அழகானவைதான். ஆனால் ஒரு பேட்டையின் கலை சுவரில் தொடங்குவதில்லை. நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்களின் பழக்கத்தில் தொடங்குகிறது. கானாவையே பாருங்கள். வடசென்னையில் சாவு வீட்டு வாசலில், ஷாமியானாவுக்குக் கீழே, இறந்தவரின் பேரையும் பிழைப்பையும் சேர்த்து விடிய விடியப் பாடி வளர்ந்த கலை அது. கேட்கிறவர்கள் அத்தனை பேருக்கும் அந்த மனிதரைத் தெரியும். பாட்டில் பொய் ஏறினால் உடனே தெரிந்துவிடும். அந்த நெருக்கம்தான் பயிற்சிக்கூடம். 2018-இல் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கானாவை ராப்போடு கலந்து மேடையேற்றியபோது, பின்னால் நின்றது அந்தத் தெருக்களின் உழைப்பு.

ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்தவர்களை, அப்படிப்பட்ட நெருக்கத்தைக் கலைத்து, 2000 முதல் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். வெள்ளம் வரும் கரையிலேயே அவர்களை விட்டுவைக்கச் சொல்கிறாயா என்று கேட்கலாம். இல்லை, நல்ல வீடு வேண்டும், பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வேண்டும், ஒரே சந்துக்காரர்களைச் சிதறடிக்காமல் வேண்டும். ஓவியத்தால் ஊர்ப்பெயர் மேலிருந்த இழிவு குறையாதா என்றால், ஓரளவு குறையும், அதைச் சிறிதென்று சொல்லமாட்டேன். ஆனால் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு வண்ணம் போதும். அங்கேயே வளரும் பிள்ளைகளுக்குப் பறையடித்துப் பழக ஒரு கூடம் வேண்டும், ராத்திரி நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்ப ஒரு பஸ் வேண்டும்.