சுடாத டேங்க்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசிப் பந்திக்குப் போங்கள், அங்கே ஓர் உதவி கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு யுத்த தாங்கி இருக்கிறது. பயப்பட வேண்டாம், விளையாட்டுச் சாமான்தான். ஜேர்மனியின் டைகர் மொடல், அசலில் பதினாறில் ஒரு பங்கு, ரிமோட்டில் ஓடும். அசல் டைகர் குழலோடு சேர்த்து எட்டரை மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. நம்முடையது அரை மீற்றரை விடச் சற்று நீளம். 2018இல் டோஹாவில் இருந்து லீவில் வந்த மச்சான் என் மகனுக்குக் கொண்டு வந்தார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. உண்மையைச் சொல்வதென்றால் அவனை விட எனக்குத்தான் ஆசை கூட. நான் விஞ்ஞான ஆசிரியன். சில்லும் சங்கிலியும் உள்ள எதைப் பார்த்தாலும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது.

பதுளையில் சமதரை உள்ள முற்றம் எத்தனை பேருக்கு இருக்கிறது? எங்கள் முற்றம் சரிவு, அதிலும் பாதி சல்லிக்கல். மூன்றாம் மாதம் இடது பக்கத்தில் முன் சில்லைத் தாங்கும் பிளாஸ்ரிக் கை உடைந்தது. சுப்பர் குளூ போட்டேன். அடுத்த கிழமை அதற்குப் பின்னால் இருந்த கையும் போனது. டேங்க் ஒரு பக்கம் முழந்தாளிட்ட மாடு மாதிரி நின்றது.

யூடியூபில் தேடியபோதுதான் இது ஒரு தனி உலகம் என்று தெரிந்தது. உலோகச் சில்லு, உலோகக் கை, உலோகச் சங்கிலி, இரும்புப் பல்லுச் சக்கரம் எல்லாம் தனித்தனியாக விற்கிறார்கள். சிறுகச் சிறுகக் காசு சேர்த்து ஒரு செட் ஓடர் பண்ணினேன். விலையை இங்கே சொல்ல மாட்டேன், காரணம் பின்னால் வரும். பார்சல் கைக்கு வந்தது 2019 ஏப்ரல் நடுப்பகுதியில். புதுவருட லீவு. பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் வைத்தேன்.

ஏப்ரல் 21 வந்தது.

அந்த நாட்களைப் பற்றி இங்கே நீட்டி எழுதத் தேவையில்லை. நீங்களும் இருந்தீர்கள். தேவாலயங்களில் மாண்டவர்களை நினைத்து அழுவதற்கும், நம் வீட்டுக் கதவு எப்போது தட்டப்படும் என்று பயப்படுவதற்கும் ஒரே மனது போதவில்லை. ட்ரோன் பறக்கத் தடை வந்தது. வாள், கத்தி இருந்தால் பொலிஸில் ஒப்படைக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு சோதனை. என் அலுமாரிக்கு மேலே ஒரு ரிமோட், இரண்டு பெட்டரி, சுருள் சுருளாக வயர், மோட்டார், ஒரு பொதி உலோகத் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாஸ்ரிக் குண்டு சுடும் ஒரு பீரங்கி!

"அத எங்கயாவது கொண்டு போய் வீசு மகன்" என்றார் உம்மா. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இரவில் இரண்டு முறை எழும்பி அலுமாரிப் பக்கம் பார்த்தார், அவ்வளவுதான்.

மே மாதம் பாடசாலை திறந்தது. நோன்பு தொடங்கிய கிழமை. பிள்ளைகள் பாதிப் பேர்கூட வரவில்லை. அப்போது நான் செய்த காரியத்துக்கு இன்றும் என் புத்தியை நானே மெச்ச முடியாது. வீட்டில் வைக்கப் பயம், வீசவும் மனமில்லை. ஆய்வுகூட அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் அது பாடசாலைச் சாமானாகிவிடும் என்று நினைத்து, டேங்கைக் கழற்றி, துண்டு துண்டாக ஒரு பயணப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த மாதத்தில், தாடி வைத்த ஒருவன், வயரும் பெட்டரியும் நிறைந்த பையோடு, பள்ளிக்கூடத்துக்கு!

வாசலில் பெற்றோர் நின்று ஒவ்வொருவரின் பையையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஏற்பாடு எனக்கு நினைவு வந்தது, வரிசையில் நின்ற பிறகுதான். திரும்பிப் போனால் இன்னும் மோசம். அன்று முறை பதினோராம் தர மாணவன் ஒருவனின் அப்பாவுக்கு. பசறை வீதியில் ஒரு தோட்டத்து பெக்டரியில் பிட்டர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நான் பிட்டர் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

பையைத் திறந்தார். பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். உள்ளே கையை விட்டு ஒரு சில்லை எடுத்து, சுண்டுவிரல் நுனியில் மாட்டிச் சுற்றிவிட்டார். அது ஆடி ஆடிச் சுற்றியது.

"சிங்கு வார்ப்பு. ஓட்டை சென்டர்ல இல்லீங்க சேர். பித்தள புஷ் போடாம ஓட்டிராதீங்க, ஒரே மாசத்துல தின்னுரும்."

சில்லை உள்ளே போட்டு, சிப்பை இழுத்து மூடி, பையைத் தன் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "நீங்க வகுப்புக்குப் போங்க சேர். இது ஏங்கிட்ட இருக்கட்டும்."

அதற்குச் சில நாட்களில், ஹஸலக்கவில் உடையில் சக்கரப் படம் இருந்ததற்காக ஒரு பெண்ணைக் கைது செய்து மஹியங்கனை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்கள். தர்மச்சக்கரம் என்று சொன்னார்கள். உடையில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். அந்தச் செய்தியை வாசித்த இரவு என் முப்பத்திச் சொச்சம் சில்லும் எங்கே கிடக்கின்றன என்று யோசித்தேன்.

அவை அவருடைய லயத்துக் காம்பிராவில், பழைய கொழுந்துச் சாக்கு ஒன்றுக்குள் கிடந்தன. ஏழு மாதம். "உங்களுக்கும் கரைச்சல் வந்திருக்குமே" என்று பிறகு ஒருநாள் கேட்டேன். 83இல் பதுளை டவுன் எரிந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயதாம். அவருடைய அப்பா வீட்டில் இருந்த ஒரே ரேடியோவைத் துணியில் சுற்றித் தேயிலைச் செடிக்கடியில் ஒளித்து வைத்தாராம். மழையில் ஊறி அது பிறகு பாடவே இல்லை. "சாமான் ஒளிக்கிறது எங்களுக்குப் பழக்கந்தானுங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

டிசம்பர் லீவில் மகனையும் கூட்டிக்கொண்டு அவர் லயத்துக்குப் போனேன். எதிரே நமுனுகுல மலை, வாசலில் ஒரு பழைய மேசை, அதில் ஒரு கை வைஸ். நான் கொண்டு போன திட்டம் லேசானது: பிளாஸ்ரிக்கைக் கழற்று, உலோகத்தை மாட்டு. அவர் அரை மணித்தியாலம் ஒரு ஸ்க்ரூவையும் தொடவில்லை. அடித்தட்டை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கைய இரும்பாக்கிட்டீங்க. இனி கை ஒடையாது. அடுத்த கல்லுல ஏறுறப்ப இந்தத் தட்டு கிழியும்."

இதுதான் நான் பார்த்த வீடியோக்களில் யாரும் எனக்குச் சொல்லாதது. பிளாஸ்ரிக் கை உடைந்ததால்தான் பிளாஸ்ரிக் உடல் தப்பியது. கை வளையாவிட்டால் அடி முழுவதும் அது செருகியிருக்கும் துளைக்குப் போகிறது. அதனால் முதலில் பதினாறு துளைகளையும் அளவாகப் பெருப்பித்து, ஒவ்வொன்றுக்கும் பித்தளைப் புஷ் இறக்கினார். உள்ளே இரு பக்கமும் நீளத்துக்கு ஓர் அலுமினியப் பட்டி. எல்லாப் புஷ்ஷும் அந்தப் பட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சில்லில் விழும் அடியை எட்டும் பங்கு போடும். ஏன் பித்தளை என்று மகன் கேட்டான். பெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் மேசையில் பதித்திருக்கும் பித்தளைக் கட்டைகளைச் சொன்னார். உராய்கிற இரண்டில் ஒன்று மெத்தென்று இருக்க வேண்டும், தேய வேண்டியது மாற்ற லேசானதாக இருக்க வேண்டும். நான் பத்து வருஷம் உராய்வு படிப்பித்திருக்கிறேன். இப்படிச் சொன்னதில்லை.

சில்லின் ஆட்டத்துக்கு மெல்லிய வொஷர். ஸ்க்ரூ கழராமல் இருக்க அவர் மகளின் கியூடெக்ஸ் ஒரு சொட்டு. சங்கிலியில் காணாமல் போன ஊசிகளுக்குச் சைக்கிள் கம்பி வெட்டினோம். உலோகச் சங்கிலியைப் பிளாஸ்ரிக் பல்லுச் சக்கரத்தில் போட்டால் பல் மிஞ்சாது, ஆகவே அதுவும் மாறியது. பாரம் கூடினால் கியர் பெட்டியும் தாங்காது, அதற்கும் இரும்புப் பல். ஒன்றைத் தொட்டால் மற்றது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கத் தொடங்கிய மாதிரித்தான்.

பொருத்தி முடித்துத் தரையில் வைத்தால் மூக்குக் குத்திக்கொண்டு நின்றது. டைகரில் ஓட்டும் பல்லுச் சக்கரம் முன்னால், ஆகவே கியர் பெட்டியும் முன்னால். அசலில் உடலுக்குக் குறுக்கே போடப்பட்ட முறுக்குக் கோல்கள்தான் வில். கோல் முறுகித் திரும்பும், சில்லு ஏறி இறங்கும். நம்முடைய செட்டில் ஒவ்வொரு கைக்கும் ஒரு சின்னச் சுருள் வில். முன்னிரண்டு சோடிக்கும் கொஞ்சம் தடித்த கம்பியில் புதுச் சுருள் சுற்றினார். பெட்டரியைப் பின்னுக்குத் தள்ளினோம். மூக்கு நிமிர்ந்தது.

எவ்வளவு பாரம் கூடியிருக்கும்? அண்ணி உள்ளே போய்க் கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசைக் கொண்டு வந்தார். டேங்கைச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டோம். முள் ஆறு கிலோவைத் தாண்டியது. நான் அதை எழுதப் போனேன்.

"சாக்குக்கு ரெண்டு கிலோ கழிச்சுட்டு எழுதுங்க சேர்" என்றார் அண்ணி.

லயத்து வாசலில் நின்ற எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொழுந்து நிறுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தச் சிரிப்பு விளங்கும். அந்த வருஷம் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். ஆயிரம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். சில்லுச் செட் எவ்வளவு என்று அண்ணி கேட்டார். நான் மச்சான் வாங்கித் தந்தது என்று பொய் சொன்னேன். டேங்க் மச்சான் தந்தது, செட் என் காசு. இந்தப் பதிவில் விலை இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அதே தராசைப் பிடித்துக்கொண்டே பிள்ளைகளுக்குக் கணக்கும் சொன்னேன். அசல் டைகர் 57 தொன். நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினாறால் குறைந்தால் கனவளவு 4096 மடங்கு குறையும். ஆகவே சரியான மொடல் ஏறத்தாழ 14 கிலோ இருக்க வேண்டும். இத்தனை உலோகம் போட்டும் நாம் பாதிக்கும் கீழே. "அப்ப நெசம் டேங்க் பாலத்துல எப்பிடிப் போச்சு சேர்?" என்றான் பிட்டர் அண்ணனின் மகன். பல பாலங்களில் போகவில்லை, அதுதான் அந்த டேங்கின் பெரிய வியாதி என்றேன். இன்னொன்று சில்லு. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினதால் இடையில் சேறு புகுந்து ரஷ்யக் குளிரில் உறைந்துவிடும். உள்சில்லு ஒன்றை மாற்ற வெளியே உள்ளவற்றைக் கழற்ற வேண்டும். நமது இராணுவத்தின் டி-55இல் பக்கத்துக்கு ஐந்தே பெரிய சில்லு, பிட்டருக்கு வேலை குறைவு. "இத டிசைன் பண்ணுனவன் ஒரு நாளும் ஸ்பேனர் புடிச்சிருக்க மாட்டான்" என்பது பிட்டர் அண்ணனின் தீர்ப்பு.

இனி ஓட்டிப் பார்ப்பது. மகன் ரிமோட்டை அழுத்தினான். முதலில் எஞ்சின் சத்தம். ஆசையில் சுடும் பொத்தானையும் அழுத்திவிட்டான். பின்னேரம் ஆறு மணி, மலை அமைதி. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் இருந்து வந்த வெடிச் சத்தம் லயத்துத் தகரக் கூரைகளில் பட்டுத் திரும்பியது. நாலாம் காம்பிராவில் இருந்து ஒரு பாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். எங்கேயோ கதவு அடைத்தது.

பிட்டர் அண்ணன் டேங்கைத் தூக்கி மேசையில் வைத்தார். "தம்பி, இது மட்டும் வேணாமே" என்றார் மகனிடம், மிக மெதுவாக. மகன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி நுனிக்கு டேப் சுற்றினார். குண்டு சுடும் பெட்டியையும் கழற்றி என் கையில் தந்தார். அந்த இடத்தில் பெட்டரியை நகர்த்தினால் பாரம் இன்னும் சரியாகும் என்று தொழில் காரணமும் ஒன்று சொன்னார். அது உண்மையும்தான்.

இப்போது அது ஓடினால் கேட்பது சங்கிலிச் சத்தம் மட்டும். மகன் அதன் பின்னால் ஒரு சாடின் தகரத்தைக் கட்டிக் கல் இழுப்பான். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, கடைக்கு முன்னால் இருந்து வீட்டுக்கு ஒரு கிலோ சீனி இழுத்து வந்து தெருவுக்கே வேடிக்கை காட்டினான்.

அவனுக்கு இப்போது ஓ.எல் முடிந்துவிட்டது. பிட்டர் அண்ணனின் மகன் கொழும்பில், பஞ்சிகாவத்தையில் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறான். அவர் வேலை செய்த பெக்டரி மூடியாயிற்று. அவருக்குக் கண்ணில் வெண்படலம், சத்திரசிகிச்சைக்குத் திகதிக்குக் காத்திருக்கிறார். போன கிழமை டேங்க் மறுபடி மூக்குக் குத்தியது. கழற்றிப் பார்த்தேன். ஒரு கையும் உடையவில்லை, தட்டிலும் வெடிப்பில்லை. முன் நான்கு புஷ் மட்டும் முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கின்றன. போனில் சொன்னேன். "அதுக்குத்தானே போட்டோம்" என்றார். கண் சரியானதும் தானே வந்து இறக்கித் தருவதாகவும், அதுவரை வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்றும் கண்டிப்பு.

ஆகவே நட்புகளே, உள்விட்டம் 3 மி.மீ. உள்ள பித்தளைக் குழாய் பதுளை டவுனிலோ பண்டாரவளையிலோ எங்கே கிடைக்கும்? அரை அடி போதும். தெரிந்தவர்கள் கொமண்டில் சொல்லுங்கள்.