டிட் ஏன் வரவில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போயிருந்தேன். ஐந்து ரதம் பக்கம் ஒரு சிற்பப் பட்டறையிலிருந்து, "சார், என்னைத் தெரியுதா?" என்று குரல். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். தலை நரைத்துவிட்டது.

டீ வந்தது. குடித்துக்கொண்டே கேட்டான்: "சார், வெளிநாட்டுக்காரங்க தினமும் 'ஹூ மேட் திஸ்?'னுதான் கேக்கறாங்க. டிட் போடறதில்லை. ஏன்னு இன்னும் எனக்குத் தெரியாது சார்."

எனக்குச் சுருக்கென்றது. அன்று அவன் பரீட்சையில் 'ஹூ டிட் மேக் திஸ்?' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்தேன். எழுந்து நின்று, "வாட் டிட் ஹி மேக்-ல டிட் வருதே, இதுல ஏன் சார் வரலை?" என்றான். "ரூல் அப்படித்தான், உட்காரு" என்றேன். உண்மை என்னவென்றால், காரணம் அன்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

சாக்பீஸ் வாங்கி ஒரு கல்பலகையில் எழுதினேன். 'ஹி மேட் சம்திங்.' எதைச் செய்தான் என்று கேட்க வேண்டும். சம்திங் இருந்த இடத்தில் வாட் வந்து, அது வாக்கியத்தின் முன்னால் போகிறது. அது ஹி-யைத் தாண்டிப் போவதால் ஹி-க்கு முன் ஒரு துணைவினை வேண்டும். வேறு துணைவினை இல்லாததால் டிட் வருகிறது. இறந்தகாலத்தை டிட் எடுத்துக்கொள்வதால் மேட், மேக் ஆகிவிடுகிறது. 'டிட் ஹி மேட்' என்று எழுதி எத்தனை பேர் என்னிடம் குட்டு வாங்கியிருப்பீர்கள்!

அடுத்தது 'சம்படி மேட் திஸ்.' இங்கே யார் என்றுதான் கேள்வி. சம்படி எழுவாய், ஏற்கெனவே முதலில் நிற்கிறது. அந்த இடத்திலேயே ஹூ உட்கார்ந்துவிடும். எதையும் தாண்டவில்லை, அதனால் டிட்டுக்கு வேலை இல்லை. (அழுத்திக் கேட்பது வேறு கதை.)

தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. "அவன் சிங்கம் செய்தான்", "அவன் என்ன செய்தான்?" சொல் மாறுகிறது, இடம் மாறவில்லை. ஆம், இல்லை என்று பதில் வேண்டுமானால் ஓர் 'ஆ' போதும்: அவனா செய்தான், சிங்கமா செய்தான், செய்தானா? நன்னூல் சொல்லும் ஐந்து வினா எழுத்துகளில் அதுவும் ஒன்று. இந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு டிட் எங்கிருந்து வருகிறது என்று சந்தேகம் வராமல் இருக்குமா?

பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்போ யாருக்காகச் செஞ்சேன்னு என்னைக் கேட்டா டிட் வரும்தானே சார்? 'ஹூ டிட் யூ மேக் இட் ஃபார்?'" என்றான்.

"வரும்ப்பா" என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை.

உங்களில் வேறு யாரையாவது நான் அப்படி உட்கார வைத்திருந்தால், அந்தக் கேள்வியைக் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரியாவிட்டால் இந்தத் தடவை தெரியாது என்றே எழுதுகிறேன்.